சாஸ் பாட்டிலில் இருக்கும் அந்த 211: உணவுத் தரத்துக்காக அதிபரோடு மோதிய ஹார்வி வைலியின் கதை

ஃப்ரிட்ஜில் இருக்கும் தக்காளி சாஸ் பாட்டிலை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் பிரிசர்வேட்டிவ் என்று போட்டு, பக்கத்திலேயே 211 என்று ஓர் எண் இருக்கும். அது சோடியம் பென்சோயேட். சாஸ் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. இந்தியாவில் குறிப்பிட்ட அளவுக்குள் சேர்க்க அனுமதி உண்டு.

இந்த ஒரு பொருளை உணவிலிருந்து விரட்டியே ஆகவேண்டும் என்று சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஓர் அரசு வேதியியலாளர் ஒற்றைக்காலில் நின்றார். அமெரிக்க அதிபரோடு மோதினார். அந்தச் சண்டையில் தோற்றும் போனார். ஆனால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னால்தான் அவர் வேறொரு பெரிய சண்டையில் ஜெயித்திருந்தார். விற்கும் உணவில் கலப்படம் கூடாது, லேபிளில் பொய் கூடாது என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வரக் காரணமாக இருந்தார்.

அவர் பெயர் ஹார்வி வாஷிங்டன் வைலி. சட்டத்தை வாங்கித் தந்தவரே அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும்போது ஏன் தடுமாறினார்? இந்தக் கேள்விக்கான பதில், இன்று நம்ம ஊரில் ஒவ்வொரு கலப்படச் செய்தி வரும்போதும் நமக்குத் தேவைப்படுகிறது.

பண்ணை வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரை

1844 அக்டோபர் 18. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கென்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மரக்கட்டைகளால் கட்டிய ஒரு பண்ணை வீட்டில் வைலி பிறந்தார். அப்பா விவசாயி, போதகரும்கூட. அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். எது சரி என்று பட்டதோ, அதில் சமரசம் கிடையாது என்ற குணம் வைலிக்கு வீட்டிலிருந்தே வந்தது எனலாம்.

உள்நாட்டுப் போரின்போது சில மாதங்கள் ராணுவத்தில் இருந்தார். பிறகு கல்லூரி, 1871-ல் மருத்துவப் பட்டம், 1873-ல் ஹார்வர்டில் அறிவியல் பட்டம். டாக்டருக்குப் படித்தாலும் கிளினிக் வைக்கவில்லை. வேதியியல்தான் அவரை இழுத்தது. 1874-ல் பர்டூ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார்.

அங்கே அவரைப் பற்றி நிர்வாகத்துக்கு ஒரு புகார் இருந்தது. மாணவர்களோடு சேர்ந்து பேஸ்பால் ஆடுகிறார், முன்சக்கரம் பெரிதாக இருக்கும் அந்தக் காலத்து சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறார், பேராசிரியருக்கு இது அழகா என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். வைலி அப்போதே ராஜினாமா கடிதத்தை எழுதி நீட்டிவிட்டார். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. கதையின் பின்பாதியில் இதே ராஜினாமா இன்னொரு முறை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேனில் தொடங்கியது

1878-ல் வைலி ஜெர்மனிக்குப் போனார். அங்கே அரசு உணவு ஆய்வகத்தில் வேலை பார்த்து, போலாரிஸ்கோப் என்ற கருவியைக் கையாளக் கற்றார். ஒரு கரைசல் வழியாக ஒளி போகும்போது எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, அதில் இருப்பது எந்த வகைச் சர்க்கரை என்று இந்தக் கருவியால் கண்டுபிடிக்கலாம்.

ஊர் திரும்பியதும் இந்தியானா கடைகளில் விற்ற தேனையும் பாகையும் வாங்கிச் சோதித்தார். நிறைய பாட்டில்களில் இருந்தது சோளத்திலிருந்து எடுத்த மலிவான குளுக்கோஸ் பாகு. குளுக்கோஸ் விஷம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பிரச்சினை வேறு. தேன் என்று காசு வாங்கிவிட்டு வேறு ஒன்றைக் கொடுப்பது மோசடி. பின்னாளில் அவருடைய மொத்த வாதமும் இந்தப் புள்ளியிலிருந்துதான் விரிந்தது: உடலுக்குக் கெடுதலா என்பது ஒரு கேள்வி, வாங்குபவரை ஏமாற்றுகிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும்.

இதே நேரத்தில் அவர் சறுக்கிய இடமும் உண்டு. 1881-ல் ஒரு பிரபல அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், மெழுகில் செயற்கையாகத் தேனடை செய்து, அதில் குளுக்கோஸை நிரப்பி, அசல் போல விற்கிறார்கள் என்று எழுதிவிட்டார். அதற்கு ஆதாரம் இல்லை. தேனீ வளர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள். வைலியின் பொய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதை விளையாட்டாக எழுதியதாக வைலி சமாளித்தார். அவர் சொல்ல வந்த அடிப்படை விஷயம் சரிதான். ஆனால் ஆதாரத்தைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தது தப்பு. இந்தப் பழக்கமும் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஒரே மூட்டை, வேறு வேறு ரிசல்ட்

1883-ல் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளராக வாஷிங்டனுக்குப் போனார். அடுத்த 29 ஆண்டுகள் அந்த நாற்காலியில்தான்.

அப்போது வேதியியலாளர்களுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. ஒரே உர மூட்டையை இரண்டு பேரிடம் சோதனைக்குக் கொடுத்தால் இரண்டு விதமான முடிவு வரும். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த முறையில் சோதித்ததுதான் காரணம். எந்த முடிவைக் கோர்ட் நம்பும்? எந்த முடிவை வைத்து விவசாயி புகார் கொடுப்பார்?

இதைத் தீர்க்க 1884-ல் அரசு வேளாண் வேதியியலாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் வைலியும் ஒருவர். எல்லோரும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும், அந்த முறையைப் பல ஆய்வகங்கள் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் வேலை. ஏஓஏசி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிடும் பரிசோதனைக் கையேடுகளிலும் ஏஓஏசி முறைகள் இடம்பெறுகின்றன.

கேட்பதற்கு போரான வேலை மாதிரி இருக்கும். ஆனால் தரக் கட்டுப்பாட்டின் அஸ்திவாரமே இதுதான். அளவுகோல் ஒன்றாக இல்லாவிட்டால், தரம் என்று பேசுவதற்கே அர்த்தம் இல்லை.

அன்றைய தட்டில் என்ன இருந்தது?

1887 முதல் 1902 வரை வைலியின் துறை உணவுக் கலப்படம் பற்றி ஓர் அறிக்கைத் தொடரை வெளியிட்டது. பால் பொருட்கள், மசாலா, காபி, ஒயின், பன்றிக்கொழுப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். மசாலாப் பொடியில் தேங்காய் ஓட்டுத் தூள், மரத்தூள். காபியில் சிக்கரி, மாவில் செய்த போலிக் கொட்டைகள். காய்கறி டின்களில் பச்சை நிறம் மங்காமல் இருக்கக் காப்பர் சல்பேட், அதாவது நம்ம ஊர் மயில்துத்தம். பால் திரியாமல் இருக்க பார்மால்டிஹைடு. நீரில் கரைத்த பார்மால்டிஹைடைத்தான் நாம் பார்மலின் என்கிறோம்.

ஏன் இவ்வளவு? நகரங்கள் பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. உணவு பக்கத்துப் பண்ணையிலிருந்து வராமல், ரயிலில் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரத் தொடங்கியது. வீட்டு ஃப்ரிட்ஜ் கிடையாது. கெட்டுப்போகாமல் வைக்க ரசாயனம் தேவைப்பட்டது. செய்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் ஏமாற்றுவதும் சுலபமாகிவிட்டது.

மாநிலங்களில் ஆங்காங்கே சட்டம் இருந்தது. ஆனால் ஒரு மாநிலத்தில் தயாரித்து இன்னொரு மாநிலத்தில் விற்றால் பிடிக்க முடியாது. தேசிய அளவில் சட்டம் வேண்டும் என்று 1879-லிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. ஏறக்குறைய எல்லாமே தொழில் துறையின் எதிர்ப்பில் கிடப்பில் போடப்பட்டன. வைலியின் அறிக்கைகளை அதிகாரிகள் படித்தார்கள். மக்கள் படிக்கவில்லை.

விஷப் படை

1902-ல் வைலி ரூட்டை மாற்றினார். பிரிசர்வேட்டிவ்களை மனிதர்களுக்கே கொடுத்துச் சோதிக்க நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டார். 5,000 டாலர் ஒதுக்கினார்கள்.

வேதியியல் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறை, ஒரு சாப்பாட்டு அறை. 12 இளைஞர்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். பெரும்பாலும் அரசுத் துறை ஊழியர்கள். சம்பளமாக ஒரு பைசா கிடையாது. மூன்று வேளை நல்ல சாப்பாடு இலவசம். ஒரே நிபந்தனை, அங்கே கொடுப்பதைத் தவிர வெளியில் எதையும் சாப்பிடக் கூடாது. என்ன ஆனாலும் அரசு பொறுப்பல்ல என்று கையெழுத்தும் போட வேண்டும்.

முதலில் சில நாட்கள் சுத்தமான சாப்பாடு. பிறகு அதே சாப்பாட்டோடு ரசாயனம். அப்புறம் மறுபடி சுத்தமான சாப்பாடு. இந்த மூன்று கட்டங்களிலும் எடை, உடல் வெப்பம், நாடித்துடிப்பு எல்லாம் குறிக்கப்பட்டன. சிறுநீரும் மலமும்கூட சேகரித்துச் சோதிக்கப்பட்டன.

முதலில் வந்தது போராக்ஸ். அதாவது வெண்காரம். அன்று இறைச்சியிலும் வெண்ணெயிலும் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் வெண்ணெயில் வைத்தார்கள். பசங்க எப்படியோ கண்டுபிடித்து வெண்ணெயைத் தொடாமல் எழுந்துபோனார்கள்! வேறு பதார்த்தத்துக்கு மாற்றினாலும் அதே கதை. கடைசியில் ஒளிவுமறைவு வேண்டாம் என்று கேப்சூலில் அடைத்து நேரடியாகவே கொடுத்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் சாலிசிலிக் அமிலம், சல்பைட், பென்சோயேட், பார்மால்டிஹைடு, காப்பர் சல்பேட் என்று பட்டியல் நீண்டது. தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை, எடை குறைவு. சில ரசாயனங்களில் இளைஞர்கள் ரொம்பவே சுகவீனப்பட்டு, சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது.

இது வெளியே தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? வாஷிங்டன் நிருபர் ஒருவர் மோப்பம் பிடித்து எழுத ஆரம்பித்தார். விஷப் படை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேடை நிகழ்ச்சிகளில் அவர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். முதலில் வைலிக்கு இந்த விளம்பரம் பிடிக்கவில்லை. பிறகு, பல வருட அறிக்கைகள் செய்யாத வேலையை இந்தப் பெயர் செய்கிறது என்று புரிந்துகொண்டார்.

இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த ஆய்வில் ஓட்டைகள் நிறைய. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ரசாயனம் சாப்பிடாத தனி ஒப்பீட்டுக் குழு இல்லை. தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியும். கொடுத்த அளவும் சாதாரணமாக ஒருவர் சாப்பிடுவதைவிட அதிகம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் என்ன ஆகும் என்பதுதான் வைலியின் பதில்.

1906: சட்டம் வந்த கதை

சட்டம் வைலி ஒருவரால் மட்டும் வந்துவிடவில்லை. பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கின, கடிதம் எழுதின. அப்போது பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் மாநில வேதியியலாளர்கள் ஒரு ஸ்டால் போட்டார்கள். கடைகளில் வாங்கிய உணவுப் பொருட்களிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்து, அதே சாயத்தால் கம்பளியையும் பட்டையும் நனைத்துக் காட்டினார்கள். துணிக்குப் போடும் சாயத்தையா சாப்பிட்டோம் என்று பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

தொழில் துறையிலும் எல்லோரும் எதிரிகள் இல்லை. ஹெய்ன்ஸ் நிறுவனம் வைலி பக்கம் நின்றது. நன்றாகப் பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை சேர்த்தால் பென்சோயேட் இல்லாமலே கெட்சப் செய்யலாம் என்று செய்து காட்டியது. கொள்கை ஒரு பக்கம், வியாபாரக் கணக்கு இன்னொரு பக்கம். மலிவான பழத்தில் சாஸ் செய்யும் போட்டியாளர்களுக்கு விதி கடுமையானால் யாருக்கு லாபம் என்று ஹெய்ன்ஸுக்கும் தெரியும்தானே.

1906 பிப்ரவரியில் அப்டன் சின்க்ளேரின் தி ஜங்கிள் நாவல் வெளியானது. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் நிலையைப் படித்து நாடே முகம் சுளித்தது. அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1907 ஜனவரி 1 முதல் அமல். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு வைலியின் துறைக்கு வந்தது.

கலப்பட உணவையும், பொய் லேபிள் ஒட்டிய பொருளையும் மாநில எல்லை தாண்டி விற்பது குற்றமானது. மருந்துகளில் ஆல்கஹால், மார்ஃபின், ஓபியம், கோகைன், ஹெராயின் போன்றவை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்றானது. ஆமாம், அதுவரை இருமல் மருந்தில் ஹெராயின் இருந்தாலும் சொல்ல வேண்டியதில்லை!

சட்டத்தில் இல்லாமல் போன அதிகாரம்

மருந்துகளுக்கு அதிகாரபூர்வத் தர நூல்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை அளவுகோலாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் உணவுக்கு? ஜாம் என்றால் அதில் எவ்வளவு பழம் இருக்க வேண்டும்? வினிகர் என்றால் என்ன? வைலியும் சக வேதியியலாளர்களும் சேர்ந்து அப்படி ஒரு தரப் பட்டியலைத் தயாரித்தே வைத்திருந்தார்கள். ஆனால் அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் 1906 சட்டத்தில் இடம்பெறவில்லை. அந்தப் பட்டியல் வெறும் ஆலோசனையாகவே நின்றது.

விளைவு, ஒவ்வொரு பொருளுக்கும் கோர்ட்டில் தனித்தனியாகச் சண்டை. எது உண்மையான விஸ்கி என்ற கேள்வி இழுத்துக்கொண்டே போய், 1909-ல் அடுத்த அதிபர் வில்லியம் டாஃப்ட் நேரடியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் அதிபர் விஸ்கிக்கு விளக்கம் எழுதுகிறார் என்றால், தர நிர்ணய அமைப்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்று புரிகிறதா? வைலியின் கறாரான விளக்கத்தை டாஃப்ட் ஏற்கவும் இல்லை.

சட்டத்தில் இன்னொரு சந்தும் இருந்தது. உங்கள் பொருளுக்கு நீங்களே ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டால், அது எதன் போலியும் இல்லை என்று தப்பிக்கலாம். பிற்காலத்தில் பிரெட் ஸ்ப்ரெட் என்று ஒரு பொருள் வந்தது. பார்க்க ஜாம் மாதிரியே இருக்கும். ஜாமில் எதிர்பார்க்கும் பழத்தில் பாதிகூட அதில் இல்லை. ஆனால் ஜாம் என்று எழுதவில்லையே! சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சில நிமிடங்களில் மாறிய ஆட்டம்

பென்சோயேட், சல்பைட் எல்லாம் கூடாது என்று வைலி அடுத்தடுத்து முடிவெடுக்க, தயாரிப்பாளர்கள் நேரே வெள்ளை மாளிகைக்குப் போனார்கள். வைலியையும் கூப்பிட்டு ரூஸ்வெல்ட் ஒரு கூட்டம் நடத்தினார். வைலி பின்னாளில் எழுதிய நினைவுகளின்படி அங்கே நடந்தது இதுதான்.

பென்சோயேட் கெடுதலா என்று ரூஸ்வெல்ட் கேட்டார். இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம், எல்லோருக்கும் உடம்பு கெட்டது என்றார் வைலி. அப்படியானால் அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களிடம் மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டார் அதிபர். கிட்டத்தட்ட ஜெயித்தாகிவிட்டது.

அப்போது அங்கிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஷெர்மன் இன்னொரு விஷயத்தை எடுத்தார். தன் நிறுவனம் டின் சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் சேர்த்துச் செலவை மிச்சப்படுத்துவதாகச் சொன்னார். அதிபர் பதில் சொல்லும் முன்பே வைலி குறுக்கிட்டார். அந்தச் சோளத்தைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள், சாக்கரின் தார்க் கழிவிலிருந்து வந்தது, உடலுக்குக் கெடுதல் என்று பொரிந்து தள்ளினார்.

அவர் கவனிக்காத ஒன்று, ரூஸ்வெல்ட்டே தினமும் சாக்கரின் எடுத்துக்கொள்பவர். அதுவும் டாக்டர் சொல்லி. அதைக் கெடுதல் என்பவன் முட்டாள் என்று அதிபர் கோபத்தில் வெடித்தார். கூட்டம் அதோடு முடிந்தது.

மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்றதோடு நிறுத்தியிருந்தால் வைலியை யாரும் மறுத்திருக்க முடியாது. கெடுதல் என்று சேர்த்ததற்குத் தேனடைக் கதை மாதிரியே அவரிடம் உறுதியான ஆதாரம் இல்லை.

1908-ல் ரூஸ்வெல்ட் ஒரு நிபுணர் குழு அமைத்தார். தலைவர் ஐரா ரெம்சன். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டதே அவருடைய ஆய்வகத்தில்தான்! 1909-ல் அந்தக் குழு, குறைந்த அளவு பென்சோயேட்டால் கெடுதல் இல்லை என்று அறிவித்தது. இனி எது கெடுதல் என்று வைலி மட்டும் முடிவு செய்ய முடியாது. குழுவின் பின்னணியில் அரசியல் இருந்தது உண்மை. ஆனால் ஒரே ஆள் சொல்வதை வைத்துத் தரம் நிர்ணயிக்கக் கூடாது என்ற வாதத்திலும் நியாயம் இருந்தது.

கோகோ கோலா மீது வழக்கு

1909-ல் வைலியின் துறை 40 பீப்பாய், 20 சிறு பீப்பாய் கோகோ கோலா சிரப்பைப் பறிமுதல் செய்தது. குழந்தைகளும் குடிக்கும் பானத்தில் காஃபின் சேர்ப்பது கெடுதல் என்பது குற்றச்சாட்டு. 1911-ல் டென்னிசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் விசாரணை நடந்தது.

நிறுவனம் ஓர் இளம் உளவியலாளரை வைத்து காஃபின் ஆய்வு செய்தது. யாருக்குக் காஃபின் மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, அளவெடுப்பவருக்கும் தெரியாது. விஷப் படை ஆய்வைவிடப் பல மடங்கு நேர்த்தியான முறை அது. காசு கொடுத்தது நிறுவனம்தான், ஆனாலும் ஆய்வு முறையில் குறை சொல்ல முடியவில்லை. அந்தச் சுற்றில் அரசு தோற்றது. 1916-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் நிறுவனம் காஃபின் அளவைக் குறைக்க, சமரசத்தில் முடிந்தது.

மறுபடியும் ராஜினாமா

1911 வைலிக்கு ரொம்பவே பரபரப்பான ஆண்டு. பிப்ரவரியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 66 வயது, மணமகள் அன்னா கெல்டனுக்கு 33. பத்து ஆண்டுகளுக்கு முன் வைலி கேட்டபோது மறுத்தவர். அன்னா பெண்கள் வாக்குரிமைப் போராளி. பின்னாளில் வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து கைதானவர். வைலி மனைவி பக்கம் உறுதியாக நின்றார்.

அதே ஆண்டு ஒரு நிபுணருக்குச் சட்டம் அனுமதித்ததைவிட அதிகச் சம்பளம் தர ஏற்பாடு செய்தார் என்று வைலி மீது புகார் கிளம்பியது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பத்திரிகைகளும் பெண்கள் அமைப்புகளும் அவருக்காகக் குரல் கொடுத்தன. அதிபர் டாஃப்ட் அவர் மீது தவறு இல்லை என்று அறிவித்தார். ஆனால் துறைக்குள் அவருக்கு எதிரான மேலதிகாரிகள் அப்படியேதான் இருந்தார்கள். 1912 மார்ச் 15-ம் தேதி வைலி வேலையை விட்டார்.

ஓய்வெடுக்கவில்லை. குட் ஹவுஸ்கீப்பிங் என்ற பெண்கள் பத்திரிகையின் உணவு மற்றும் சுகாதாரப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பொருட்களைப் பத்திரிகையின் ஆய்வகத்தில் சோதித்து, தேறியவற்றுக்கு மட்டும் முத்திரை. அரசாங்கத்தில் கிடைக்காத அதிகாரத்தை வாசகர்களின் நம்பிக்கை வழியாகப் பெற்றார். 1929-ல், தான் கொண்டுவந்த சட்டத்தை அரசே எப்படி நீர்த்துப்போகச் செய்தது என்று குற்றம்சாட்டி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

1930 ஜூன் 30-ம் தேதி, தன் 85-வது வயதில் காலமானார். உணவுச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அதே தேதி. சரியாக 24 ஆண்டுகள் கழித்து. அடுத்த மாதமே, அவருடைய பழைய துறையிலிருந்து பிரிந்து வளர்ந்த அமைப்புக்கு எஃப்டிஏ என்ற இன்றைய பெயர் வந்தது.

அவருக்குப் பிறகு

1937-ல் அமெரிக்காவில் சல்பானிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்கி விற்றார்கள். அதைக் கரைக்கப் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைகால். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் விஷம். 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். 1906 சட்டத்தில், விற்கும் முன் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. எலிக்சிர் என்று பெயரிட்டால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே லேபிள் தவறு. அந்த ஒரே காரணத்தை வைத்துத்தான் அரசால் மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அப்போது எஃப்டிஏவின் தலைவர் வால்டர் கேம்ப்பெல். வைலியின் கீழ் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தவர்.

இந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1938-ல் புதுச் சட்டம் வந்தது. புதிய மருந்தை விற்கும் முன் அது பாதுகாப்பானது என்று தயாரிப்பாளரே காட்ட வேண்டும். உணவுக்குத் தரம் நிர்ணயிக்கும் அதிகாரமும் அப்போதுதான் கிடைத்தது. பழ ஜாம் என்றால் குறைந்தது 45 பங்கு பழத்துக்கு 55 பங்கு இனிப்பு என்பது போன்ற அளவுகள் சட்டமாகின. வைலியின் மேஜையில் 1906-லேயே இருந்த ஐடியாவுக்கு 32 ஆண்டுகள் பிடித்தன.

அதே டைஎத்திலீன் கிளைகால் இன்னும் நம்மை விடவில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் உயிரிழந்தபோது, தமிழ்நாட்டில் தயாரான இருமல் மருந்தில் அதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. 2018-ல் கேரளத்தில் டன் கணக்கில் பறிமுதல் செய்த மீனில் இருந்தது பார்மலின். விஷப் படைக்குக் கொடுத்த அதே ரசாயனம்.

அப்படின்னா சட்டம் இல்லையா? இருக்கிறது. இந்தியாவில் 1954-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் வந்தது. பெயரிலேயே தரநிலைகள் என்று இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் விடுபட்டது அதுதான். இங்கே எஃப்எஸ்எஸ்ஏஐ தரநிலைகளை வரைவாக வெளியிட்டு, அறிவியல் குழுக்களின் ஆலோசனையோடும் மக்களின் கருத்துகளோடும் இறுதி செய்கிறது. கருத்துச் சொல்லும் உரிமை நிறுவனங்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் உண்டு.

வைலியின் கணக்கை இப்போது கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். போராக்ஸ், பார்மால்டிஹைடு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இன்று அமெரிக்காவில் அவற்றை உணவில் பிரிசர்வேட்டிவாகச் சேர்க்க முடியாது. பென்சோயேட், சாக்கரின், காஃபின் மூன்றும் அளவோடு இன்னும் அனுமதியில் இருக்கின்றன. ஆனால், ஏமாற்றாமல் விற்க வேண்டும் என்ற அவருடைய முதல் வாதத்தை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்த 211 உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் அச்சாகியிருப்பதே அந்த வாதத்தின் வெற்றிதான். அடுத்த முறை சாஸ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.